அக்கா மகன் பெயரில் நிதி திரட்டலாமா?

ஜூன் 2, மாலை 6.30 (கேள்வி)

என் அக்கா மகன் போன செப்டம்பரில் போய்விட்டான். ஆறு வயது. ரத்தப் புற்றுநோய். இரண்டு வருடம் வைத்தியம் பார்த்தோம், போய்விட்டது என்று நினைத்த நோய் திரும்ப வந்துவிட்டது. முதலாம் ஆண்டு நினைவு நாளில் அவன் பெயரில் ஓர் ஓட்டம் வைத்து, அவன் படம் போட்ட டி-ஷர்ட் விற்று, வருகிற பணத்தில் ஆஸ்பத்திரிக்குக் கருவி ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். நண்பர்கள் அறக்கட்டளையாகவே பதிவு செய்துவிடு என்கிறார்கள். நான் தாய்மாமன். எதையாவது செய்தே ஆக வேண்டும் போல இருக்கிறது. இதில் இறங்கிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.15

அறக்கட்டளை வேண்டாம். ஓட்டம், யோசிக்கலாம். டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். கருவிக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

என் மகள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஏழு வயதில் போனாள். ஐந்தாவது வாரமே அறக்கட்டளைப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு எழுதுவதுதான் என் தொழில், அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புத்தியோடு ஏழு பேரை அறங்காவலர்களாகச் சேர்த்தேன். அப்புறம் வருடாந்திரத் தணிக்கை, கூட்டம், தீர்மானப் புத்தகம், யார் தலைவர் யார் பொருளாளர் என்கிற மனத்தாங்கல். மூன்றாம் வருடம் மூடினோம். தொடங்க அலைந்ததைவிட மூடத்தான் அதிகம் அலைந்தேன். அவள் பெயரைப் போட்டு, கீழே "கலைக்கப்படுகிறது" என்று தட்டச்சு செய்த தாளில் நானே கையெழுத்திட வேண்டியிருந்தது. தம்பி, அந்தத் தாள் உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்.

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற, கணக்கை ஒழுங்காக வெளியிடுகிற அமைப்பு ஒன்றைப் பிடியுங்கள். அவர்கள் கணக்கிலேயே பையன் பெயரில் ஒரு தனித் தலைப்பு போட முடியுமா என்று கேளுங்கள். பல அமைப்புகள் செய்கின்றன.

ஜூன் 2, இரவு 10.40

முதலில் கேட்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா? "நினைக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஓம்" விகுதிக்குள் அக்கா இருக்கிறாரா?

ஜூன் 3

கருவிக் கதை.

முதல் வருட ஓட்டத்தில் வந்த பணத்தில் மகள் இருந்த வார்டுக்கு ஒரு இன்ஃப்யூஷன் பம்ப் வாங்கினோம். மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஏற்றுகிற பெட்டி. அவள் டிரிப்ஸ் ஸ்டாண்டின் அடிக்காலில் ஏறி நின்றுகொண்டு என்னைத் தள்ளச் சொல்லி வராந்தா முழுக்கச் சவாரி போவாள். அந்த ஸ்டாண்டில் மாட்டுகிற பெட்டி என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு ஆசை. பித்தளைத் தகட்டில் அவள் பெயர் பொறித்து, திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தோம்.

இரண்டாம் வருடம் போனபோது பெட்டி மூலையில் இருந்தது, மேலே பழைய படுக்கை விரிப்பு. அந்தக் கம்பெனியின் ட்யூப் மட்டும்தான் அதில் பொருந்துமாம், அது வருவது நின்றுவிட்டது. பேட்டரியும் போய்விட்டது. பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதே வாங்கும்போது எனக்குத் தோன்றவில்லை. ஊரார் கணக்கை எல்லாம் பார்ப்பவள், இதைப் பார்க்கவில்லை. விரிப்பைத் தூக்கினேன். தகடு மட்டும் பளபளவென்று இருந்தது, யாரோ துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அன்றுதான் தலைமை நர்ஸிடம், "உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டேன். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டுக்குப் போற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தெர்மாமீட்டர் குடுங்கம்மா" என்றார்.

ஜூன் 3, சற்றுப் பிறகு

கரடி பொம்மை வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வார்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கீமோவில், அதாவது புற்றுநோய் மருந்து ஏற்றும்போது, கவுண்ட் (கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) இறங்கிய பிள்ளைகள் பக்கத்தில் துணி பொம்மையைப் பல இடங்களில் விடமாட்டார்கள், கிருமி தங்கும். துடைத்து வைக்கக்கூடிய, புதிய பொம்மை என்றால் சரி. நாங்கள் ஒரு கார் நிறையக் கரடிகளைத் திருப்பி எடுத்துவந்தோம். பின் சீட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு முதல் முறை.

ஜூன் 5

அறக்கட்டளை வேண்டாம் என்று நான் அடித்துச் சொன்னது தப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்கச் சிறுமி அலெக்ஸாண்ட்ரா ஸ்காட்டைக் காட்டுகிறார். சரியான எடுத்துக்காட்டுதான். முதல் பிறந்தநாளுக்கு முன்பே நியூரோபிளாஸ்டோமா, நரம்பணுக்களில் வருகிற புற்றுநோய், என்று கண்டுபிடித்தார்கள். 2000-இல், நாலு வயதில், வீட்டு வாசலில் எலுமிச்சைச் சாறு விற்று 2,000 டாலருக்கு மேல் சேர்த்தாள். 2004-இல் எட்டு வயதில் இறப்பதற்குள் அது 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அவள் பெயரில் பெற்றோர் நடத்துகிற அமைப்பு இன்றும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடையைப் போட்டவள் அவள். எதற்காக என்று சொன்னவளும் அவள். பெற்றோர் அதைத் தொடர்ந்தார்கள். என் மகள் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நானாக ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அதற்கு அவள் பெயரை வைத்தேன். எனக்கு இடிப்பது அங்கேதான்.

சரி, "வேண்டாம்" என்பதை "இந்த வருடம் வேண்டாம்" என்று மாற்றிக்கொள்கிறேன். மூன்று வருடம் கழித்தும் தோன்றினால் அப்போது பதிவு செய்யுங்கள்.

ஜூன் 9

டி-ஷர்ட். எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

இரண்டாம் வருடம் முந்நூறு அடித்தோம், முன்பக்கம் அவள் முகம். அச்சுக்கூலி, துணி எல்லாம் போக மிஞ்சியது கொஞ்சம்தான். கடைசியில் எழுபது சட்டை எங்கள் வீட்டுப் பரண்மேல் ஏறியது. அதெல்லாம் பெரிதில்லை. அடுத்த வருடம் ஒருநாள் காலையில் நடந்து போகும்போது ஒரு வீட்டு வாசலில் ஒருவர் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த துணியை உதறினார். அதில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கிரீஸ்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 10

அந்த மனிதர்மேல் தப்பில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கி, ஓடி, ஒரு வருடம் உடுத்தியிருக்கிறார். சட்டை கிழிந்தால் துணிதான். முகத்தைத் துணியில் அடித்தவள் நான்.

ஜூன் 17

நாலு நாள் வேலை நெருக்கடி. இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பணம் எங்கே போக வேண்டும் என்று.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது. ஆண்டுதோறும் உலகில் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது, 19 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்து. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகளில் பல இடங்களில் 30 சதவீதம்கூட இல்லை. 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதம் பிழைக்க வேண்டும் என்று 2018-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள்.

80-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பது புது மருந்து மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் 1960-களிலேயே வந்துவிட்டது, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒரு காரணம், மருந்து கிடைக்காதது ஒரு காரணம். இன்னொன்று, பாதியில் வைத்தியத்தை விட்டுவிடுவது. பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற வகை ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டிலிருந்து மூன்று வருடம் சிகிச்சை. மூன்றாவது மாதமே பிள்ளை ஓடியாடும், முடி முளைக்கும், பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. அப்பாவுக்கு வேலை போயிருக்கும். வீட்டில் இன்னொரு பிள்ளை யார் வீட்டிலோ இருக்கும். ஒவ்வொரு தடவையும் பயணச் செலவு. ஒரு தேதி தவறும், அடுத்த தேதி தவறும். அவ்வளவுதான்.

அப்புறம் காய்ச்சல். தலைமை நர்ஸ் தெர்மாமீட்டர் கேட்டது இதற்குத்தான். கவுண்ட் இறங்கிய பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் சாதாரணக் காய்ச்சல் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது பல இடங்களில் வைத்திருக்கும் விதி. அப்படியானால் பக்கத்தில் தங்க இடம் வேண்டும், நடு இரவில் ஒரு வண்டி வேண்டும், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதற்குப் பதில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். எதிலும் தகடு அடிக்க முடியாது.

ஒன்பது வருடத்தில் நாங்கள் கொடுத்ததிலேயே உருப்படியானது என்று எனக்குத் தோன்றுவது ஒரு பெண்ணின் சம்பளம். தேதி தவறிய குடும்பங்களுக்குப் போன் பண்ணுவதுதான் அவர் வேலை. ஒரு பேரேடு, ஒரு போன். "நேத்து வரலையே, என்ன ஆச்சு?" என்று கேட்பார். வண்டிக்குக் காசு இல்லையா, பிள்ளை ஊசிக்குப் பயந்து அழுகிறதா, இனி வேண்டாம் என்று தாத்தா சொல்லிவிட்டாரா, எல்லாவற்றுக்கும் ஒரு வழி பண்ணுவார். இதை நன்கொடையாளர்களிடம் சொன்னால் முகம் மாறும். "சம்பளத்துக்கா? நாங்க பிள்ளைகளுக்குன்னு குடுத்தோம்" என்பார்கள். நானே முதலில் அப்படிச் சொன்னவள்தான். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை, கணக்கெழுதுகிறவள் அப்படிச் சொல்வேனா? அந்தச் சம்பளத்தை வாங்குகிறவர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 18

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு: தட்டணுக்கள் கொடுங்கள். ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள்.

கீமோவில் பிள்ளைகளுக்கு அது இறங்கிவிடும், மூக்கில் ரத்தம் வந்தால் நிற்காது. எடுத்த தட்டணுவைப் பெரும்பாலான இடங்களில் 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பநிலையில் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நினைவு நாளில் நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து படுத்தால் போட்டோ நன்றாக வரும், பத்தாம் நாள் வார்டில் மறுபடி இருக்காது. நூறு பேரை வருடம் முழுக்கப் பிரித்து, வாரத்துக்கு இரண்டு பேர் என்று பட்டியல் போட்டு ரத்த வங்கியிடம் கொடுங்கள். எங்கள் மூன்றாம் வருட ஓட்டத்தில் பதிவு மேசையிலேயே அந்தப் பட்டியலை வைத்தோம். ஓடாமல் பட்டியலில் மட்டும் பெயர் எழுதிவிட்டுப் போன ஒருவர் இன்னமும் போகிறார்.

ஜூலை 1

துண்டறிக்கை வரைவைப் பார்த்தேன், தம்பி. "புற்றுநோயுடன் போராடித் தோற்ற" என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை போராடவில்லை. ஊசி என்றதும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டிருப்பான். தோற்றான் என்று எழுத அவன் யாரிடமும் பந்தயம் கட்டவில்லை.

படம். மொட்டைத் தலையோடு, மூக்கில் குழாயோடு இருக்கிற படத்தைப் போட்டால் பணம் கூடுதலாக வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வரும். நாங்களும் போட்டோம். அந்த ஏழு மாதம் தவிர அவளுக்கு ஆறு வருடத்துக்கு மேல் முடி இருந்தது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் நினைவில் இப்போது இருப்பது அந்தப் படம்தான்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் டாக்டர் சிட்னி ஃபார்பரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த 12 வயதுப் பையனை, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, வானொலியில் பேச வைத்தார்கள். அவனை யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக ஜிம்மி என்று ஒரு பெயர் வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு டிவி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்த ஆண்டே 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இன்றுவரை அந்த நிதி ஜிம்மி பெயரில்தான் நடக்கிறது. பாவம், அந்தப் பிள்ளையின் சொந்தப் பெயர்கூட அதில் இல்லை.

எனக்கு ஒரு மகனும் இருக்கிறான். அவள் போனபோது பத்து வயது. அவன் பிறந்தநாளுக்கும் அவள் நினைவு நாளுக்கும் பதினோரு நாள் இடைவெளி. நான்காம் வருடம் ஓட்டத்தில் உண்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றவன், காலை ஒன்பது மணிக்கு, வெயிலில், எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டான்: "நான் செத்தா எனக்கும் ஓடுவீங்களா?"

அடுத்த வருடத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டோம். உங்கள் அக்காவுக்கு வேறு பிள்ளை இருந்தால் அதைச் சட்டை போட்டு உண்டியலோடு நிறுத்தாதீர்கள்.

ஜூலை 2

திருத்தம். ஜிம்மி பிழைக்கவில்லை என்பது போல எழுதிவிட்டேன். மகன் படித்துவிட்டு (ஆமாம், படிக்கிறான், பத்தொன்பது வயது) "அம்மா, அவர் பிழைச்சுட்டார்" என்றான். தேடிப் பார்த்தேன், உண்மைதான். பெயர் ஐனார் குஸ்டாஃப்ஸன். குணமாகி, பெரியவராகி, 50 வருடம் கழித்து 1998-இல்தான் அவர்தான் ஜிம்மி என்று வெளியே தெரிந்திருக்கிறது. 2001-இல் காலமானார். அதுவரை பலரும் அந்தப் பையன் போய்விட்டான் என்றே நினைத்திருக்கிறார்கள். என்னைப் போலத்தான். நிதி என்றாலே இறந்த பிள்ளை என்று எனக்கு மனதில் பதிந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

அக்கா ஓட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகளின் பயணச் செலவுக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும், தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கலாம் என்றிருக்கிறார். தம்பி வருத்தமாக எழுதியிருக்கிறார், சின்னதாகப் போய்விட்டதே என்று.

தம்பி, உங்களுக்கு ஓட வேண்டும் போல இருந்தால் தனியாகப் போய் ஓடுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நான் இன்றும் காலையில் போகிறேன்.

கணக்கு விஷயம் மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு காசும் வாங்காதீர்கள், அமைப்பின் கணக்குக்கே நேராகப் போகட்டும். அவர்கள் பெயரையும் சின்னத்தையும் போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இணையத்தில் திரட்டுகிற தளம் என்றால் அவர்கள் பிடித்தம் எவ்வளவு என்று முதலிலேயே பார்த்து, கொடுப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எத்தனை தேதி வரை வாங்குவோம், மிஞ்சினால் எதற்குப் போகும் என்பதை அறிக்கையிலேயே போடுங்கள். மிஞ்சிய பணத்தால் எங்கள் சொந்தத்தில் இரண்டு வீட்டுக்குப் பேச்சே நின்றுபோனது, அது வேறு கதை, இங்கே வேண்டாம். கொடுத்தவர்களுக்கு ரசீது மறு வாரமே போய்விட வேண்டும். மாதம் ஒரு முறை செலவுப் பட்டியல் கேளுங்கள், குடும்பங்களின் பெயரை எடுத்துவிட்டு.

ஆகஸ்ட் 7

"பித்தளைத் தகடு என்ன ஆயிற்று?" என்று ஒருவர் கேட்கிறார். பெட்டியைக் கழித்துக் கட்டியபோது அந்த நர்ஸ் கழற்றி வைத்திருந்து கொடுத்தார். மேசை டிராயரில் ஸ்டேப்ளர் பின்களோடு கிடக்கிறது.

செப்டம்பர் 15

குழந்தைகள் புற்றுநோய்க்கான மாதம் இது, தங்க நிற ரிப்பன் எங்கும் பறக்கிறது. நல்லதுதான். எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

நேற்று தம்பியின் வீட்டில் நினைவு நாள். பதினோரு பேர் வந்தார்களாம், யாரும் பேச்சுப் பேசவில்லையாம். போதும்.

அக்டோபர் 20

தம்பி முதல் மாதப் பட்டியலைப் பற்றி எழுதியிருந்தார். பதினாலு பயணம். தேதி, கிழமை, போக, வர, தொகை. பெயர் கிடையாது. அவருக்கு அது வெறும் வண்டிக்கூலிக் கணக்காகத்தான் தெரிந்திருக்கிறது, கொடுத்தவர்களிடம் இதை எப்படிக் காட்டுவது என்று கூச்சம்.

அக்கா வாங்கிப் பார்த்திருக்கிறார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கியிருக்கிறார். "வியாழக்கிழமை நாலு பேர் போயிருக்காங்க. வியாழன்னா முதுகுல ஊசி." அடுத்த வரி. "இது ஞாயித்துக்கிழமை, ராத்திரி வண்டி. காய்ச்சல்." அப்புறம் "வரும்போது ரெண்டு நாள் கழிச்சு டிக்கெட் போட்டிருக்கு பாரு, காய்ச்சல் இறங்கியிருக்கு" என்றாராம்.

தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். மாதாமாதம் அதைத் தனக்கே நேராக அனுப்பச் சொல்லிவிட்டாராம்.